பத்து ரூபாய் டீசல்

பிப்ரவரி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை. தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில், மருந்து மொத்தக் கடைக்கு மேல்மாடியில் உள்ள எங்கள் அலுவலகம். இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டி மகுதூம். கம்பெனி அவருடையது, ஊர் காயல்பட்டினம், அன்று அவருக்கு ஒன்பதாவது நோன்பு. அவருக்கு எதிரே, பிளக் இருக்கும் சுவரோரமாக டயானா. கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவள் கையில். கதவுப் பக்கம் இந்துமதி. வரவு செலவும் தெருக் கமிட்டிகளோடு பேசுவதும் அவள் பொறுப்பு. மேசைக் கடைசியில் பர்னபாஸ் ஆகிய நான். மேசை நடுவில் ஒரு கடிதம், மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஸ்டேப்ளர்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் குறித்துக்கொள்வது என் பழக்கம். சாயர்புரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்து முப்பத்துமூன்று வருஷம் கடிதம் எழுதியவன் நான். தேதி, பொருள், பார்வை, ஐயா என்று தொடங்கினால்தான் எனக்கு அடுத்த வார்த்தை வரும். ஏஜென்சியை மூடிய பிறகு பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரனை யார் கூப்பிடுவார்கள்? மகுதூம் கூப்பிட்டார். “ஆப்ல வர்ற ஒவ்வொரு வார்த்தையும் நல்ல தமிழா இருக்கணும் அண்ணாச்சி. படிக்கிறவங்க மனசு நோகக் கூடாது. அதுக்கு ஒரு ஆள் வேணும்” என்றார். அந்த ஆளாக இரண்டு வருஷமாக இருக்கிறேன். காலையில் இந்த மாடிப்படி ஏறும்போது இன்றுவரை ஒரு தடவைகூட அலுப்பு வந்ததில்லை.

எங்கள் செயலி முஸ்லிம்கள் தங்கள் தர்மத்தை ஒழுங்காகச் செய்வதற்கானது. வீட்டில் உள்ள ரொக்கம், தங்கம், கடைச் சரக்கு எல்லாவற்றையும் பதிந்தால், வருஷத்துக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய ஜகாத் எவ்வளவு என்று அது சொல்லும். தெருக் கமிட்டி விசாரித்துச் சேர்த்த பட்டியலில் ஒருவருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொடுப்பவருக்குப் பெறுபவரின் பெயர் தெரியாது. ஒரு எண் மட்டும் தெரியும். வாங்குகிறவர் தலை குனியக் கூடாது என்பதில் மகுதூம் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார். இது போக, ஊர் ஆம்புலன்ஸ் டீசல் போன்ற பொதுக் காரியங்களுக்கு யாரும் விரும்பியதைப் போட ஒரு பட்டனும் அதில் உண்டு. செயலிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நாலு பேரும் நாலு பெயர் சொல்லிச் சண்டை போட்டதில் ‘ஆப்’ என்பதே பெயராக நின்றுவிட்டது. போன வருஷம் நோன்புப் பெருநாளிலிருந்து காயல்பட்டினத்தில் முந்நூறு வீடுகளில் மட்டும் சோதித்துப் பார்த்து வருகிறோம்.

கடிதம் காலைத் தபாலில் வந்தது. ஆப்பின் கடைசிப் பக்கத்தில் அலுவலக முகவரியைப் போட வேண்டும் என்று நான் சொன்னபோது, “சார், இந்தக் காலத்துல யாரு லெட்டர் போடுவா, புறாவா?” என்று டயானா கேட்டிருந்தாள். அன்று அவள்தான் கவரைப் பிரித்தாள். இரண்டு வரி பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். கோடு போட்ட நோட்டுத் தாள், இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. நான் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

“ஆப் கம்பெனியாருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நைட்டி தைத்துக் கொடுக்கிறவள். போன பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து, வாராவாரம் அஸர் தொழுதுவிட்டு, உங்கள் ஆப்பில் ஆம்புலன்ஸ் டீசலுக்குப் பத்து ரூபாய் போட்டு வந்தேன். ஜனவரியில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியபோது அந்த வண்டியில்தான் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். ஏறும்போது எனக்குக் கூச்சம் வரவில்லை. நம்முடைய பத்து ரூபாயும் இதில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இருதய ஆபரேஷனுக்குக் கமிட்டியில் பெயர் கொடுக்கச் சொன்னபோதும் அந்த நினைப்பில்தான் கொடுத்தேன். பிறகு உங்களிடமிருந்து, இனி நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று செய்தி வந்தது. பட்டன் வேலை செய்யவில்லை. வாங்குகிறவர்கள் கொடுக்கக் கூடாது என்பது உங்கள் சட்டமாக இருந்தால், என் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். ஆபரேஷனைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம். போன் செய்ய வேண்டாம். எங்களுக்கு ஒரே அறை, பேசினால் அவருக்குக் கேட்கும். பட்டியல் விஷயம் அவருக்குத் தெரியாது. ஆப்பை நான் அழித்துவிட்டேன். உங்கள் எல்லோருடைய வேலையிலும் பரக்கத் உண்டாகட்டும். இப்படிக்கு, மைமூன்.” கீழே தெருவும் கதவு எண்ணும் இருந்தன.

“எண்பத்தேழு,” என்றாள் இந்துமதி மெதுவாக. பட்டியலில் அந்த அம்மாளின் எண் அது. “ஒம்பதாம் தேதி ஆபரேஷன். அஞ்சாம் தேதிக்குள்ள பணம் கட்டணும். இனி தள்ளிப் போடக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு என் ஃபைல்ல இருக்கு. பணம் பூராவும் சேந்துட்டு, காக்கா. அவங்க வேணும்ன்னு சொன்னா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். வேண்டாம்ன்னு எழுதினப்புறம் அனுப்ப முடியாது.” காயலில் அண்ணனைக் காக்கா என்பார்கள், மகுதூமை இந்தப் பெண்கள் இருவரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ரூல் நான் எழுதினதுதான்,” என்றாள் டயானா. “ஒரு போன் நம்பர், ஒரு லிஸ்ட். ஒண்ணு குடுக்குறவுக, இல்லன்னா வாங்குறவுக. வாங்குற லிஸ்ட்டுக்குப் போனதும் குடுக்குற பக்கம் தானா மூடிரும். நீங்கதான காக்கா ஓகேன்னு சொன்னிய?”

“நான்தான் சொன்னேன்.” மகுதூம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஜகாத் வாங்குறவங்க ஜகாத் குடுக்க வேண்டியது இல்ல. அது வரைக்கும் சரி. ஆனா மனசாரக் குடுக்குற ஸதகா? அதுக்கு அளவு கிடையாது, ஆளு கிடையாது. வாங்கின கை ஈரம் காயுறதுக்குள்ள குடுக்கலாம். எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும் இது.”

“எங்களுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேட்டுச்சு.”

“உங்களுக்குக் கேக்கலாம் டயானா. எனக்குக் கேக்கலாமா?”

அந்தச் செய்தியை எழுதியவன் நான். ‘உங்கள் பெயர் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. இனி நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நிம்மதியாக இருங்கள்.’ மூன்றாவது வாக்கியத்துக்காக ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கஷ்டத்தில் இருப்பவருக்கு, ‘இந்த வாரம் தர்மம் செய்தீர்களா?’ என்ற நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தால் குத்தும் அல்லவா என்று நினைத்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்தது. மைமூன் அந்த வாக்கியத்தைக் கடிதத்தில் குறிப்பிடக்கூட இல்லை.

எனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். வேலையில்லாமல் இருந்த பதினான்கு மாதமும் எங்கள் சர்ச் பங்கிலிருந்து மாதாமாதம் அரிசியும் எண்ணெயும் வீட்டுக்கு வந்தன. கொண்டுவந்தவர்கள் ஒரு வார்த்தை அதிகம் பேசாத நல்ல மனிதர்கள். அவர்கள் தயவில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த மாதங்களில் ஞாயிறு பூசைக்குப் போனால் கோயிலின் இடது பக்கத் தூணுக்குப் பின்னால் உட்காருவேன். காணிக்கைப் பை பிடிப்பவர் அந்த மூலைக்கு வரமாட்டார். போடுவதற்கு இரண்டு ரூபாய் இல்லாமல் இல்லை. வாங்குகிறவன் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மகுதூம் கொடுத்த முதல் சம்பளம் வந்த ஞாயிறன்று நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். பை வந்தது, ஐம்பது ரூபாய் போட்டேன், பிடித்தவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அவர் பார்க்காமல் போனதற்காக அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த நான்தான், ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்து, நிம்மதியாக இரு என்று எழுதியிருக்கிறேன்.

மகுதூம் எழுந்து கார் சாவியை எடுத்தார். “நானே போயிட்டு வாறேன். நேர்ல மன்னிப்புக் கேட்டாத்தான் சரி.”

“உக்காருங்க காக்கா,” என்றாள் இந்துமதி. “நீங்க அந்தத் தெருவுல கார விட்டு எறங்குனா, என்னத்துக்கு வந்தாவன்னு எதுத்த வீட்டுல அடுப்ப அணைச்சுட்டு வந்து நிப்பாங்க. சாயங்காலம் மஃரிப் வாறதுக்குள்ள எண்பத்தேழாம் நம்பர் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்.”

“கமிட்டியில இருந்து பொம்பள ஆளு யாரையாவது?”

“அதுக்கு ஆம்புலன்ஸ்லயே மைக்கக் கட்டி அனுப்பலாம்.”

மகுதூமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார். டயானா என்னைப் பார்த்தாள். “லெட்டர் வந்திருக்கு, லெட்டர்தான் போவணும். பர்னபாஸ் சாருக்கு இன்னைக்குத்தான் உண்மையான வேல.” நாற்காலியை மடிக்கணினி பக்கம் திருப்பினாள். “நீங்க எழுதுங்க. நீங்க முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு லிஸ்ட்டையும் பிரிச்சு வச்சிருதேன். பாப்போம் யாரு முந்துதான்னு.”

முதல் பிரதி இருபது நிமிஷத்தில் வந்தது. ‘பொருள்: தொழில்நுட்பக் கோளாறு தொடர்பாக. பார்வை: தங்களது 24ஆம் தேதியிட்ட கடிதம்.’ டயானா எட்டிப் பார்த்தாள். “சார், இது கப்பல நிறுத்த எடம் கேக்குற லெட்டர் மாரி இருக்கு. கோளாறாம்! கோளாறு நான்தான். என் பேரப் போடுங்க.” கிழித்தேன். இரண்டாவது பிரதி நாலு பக்கம் போயிற்று. காணிக்கைப் பை, தூண், அரிசி எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மகுதூம் நின்றபடியே வாசித்தார். பிறகு தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இது எனக்கு இருக்கட்டும் அண்ணாச்சி. அவங்களுக்கு வேண்டாம். இதப் படிச்சா அவங்க உங்களத் தேத்தணும். அவங்களுக்கு இப்ப அதுக்கு நேரம் இல்ல.”

இரண்டு வருஷமாக அவர் என் எழுத்தில் கை வைத்ததில்லை. அன்று வைத்தார், சரியான இடத்தில் வைத்தார். கோபம் வரவில்லை. ஏஜென்சியில் என் கடிதங்களைத் திருத்திய மேலாளர்கள் எத்தனையோ பேர். எழுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

இரண்டரை மணி இருக்கும், டயானா என்னைக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. “சார், இங்கன வாங்க. பட்டன் வேல செய்யாட்டியும் யாராச்சும் அமுக்குனா இதுல பதிவாகும். பாருங்க.” திரையில் வரிசையாக நேரங்கள் இருந்தன. எண்பத்தேழாம் எண்ணுக்கு, பெருநாள் கழிந்த வெள்ளியிலிருந்து, நாற்பத்தைந்து வெள்ளிக்கிழமைகள் விடாமல் பத்து ரூபாய்; வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த வெள்ளியும் சேர்த்து. பிறகு பிப்ரவரி பதின்மூன்று, மாலை ஐந்து மணி சுமாருக்கு, ஏழு தடவை அமுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சிக்னல் இல்லை என்று நினைத்து வாசல் பக்கம் போய் அமுக்கியிருப்பாரோ என்னவோ. அடுத்த வெள்ளி, இருபதாம் தேதி, ஒரே ஒரு தடவை.

இந்துமதி கைப்பையைத் திறந்தாள். “விட்டுப் போனது ரெண்டு வாரம். அவங்க பேருல நாம போட்டுருவோமா காக்கா?”

மகுதூம் என்னைப் பார்த்தார்.

“வேண்டாம் தம்பி,” என்றேன். “அதையும் நம்ம எடுத்துக்கிட்டா அவங்களுக்கு என்ன மிச்சம் இருக்கு?”

இந்துமதி பையை மூடினாள். “இத்தன வாரம் போட்டிருக்காங்களே, நம்ம ஆப்பு ஒரு தடவையாவது நன்றி சொல்லிச்சா ஏளா?” என்று டயானாவைக் கேட்டாள். டயானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நூறு ரூவாய்க்குக் கீழ இருந்தா எஸ்எம்எஸ் போவாது. செலவக் கொறைக்கச் சொன்னது நீதான்.” “நான்தான்,” என்றாள் இந்துமதி. ஆளுக்கு ஒன்றாகச் செய்து, நாலு பேருமாக அந்தக் கதவைச் சாத்தியிருந்தோம். விசித்திரம் என்னவென்றால், அப்படிக் கணக்கு நேரானதும் எல்லோருக்கும் மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

மூன்றாவது பிரதியில் பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று மட்டும் மகுதூமைக் கேட்டேன். நான் ஸலாம் எழுதலாமா? “அவங்க உங்களுக்குத்தான எழுதியிருக்காஹ. பதில் சொல்லாம விட்டாத்தான் தப்பு” என்றார். எழுதினேன்.

“சகோதரி மைமூன் அவர்களுக்கு, வஅலைக்கும் ஸலாம். வாங்குகிறவர்கள் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தெரியாமல் நாங்கள் உண்டாக்கிய தவறு அது. உங்களுக்கு வந்த செய்தியை எழுதியவன் நான். அதை எடுத்துவிட்டோம், இனி யாருக்கும் அது போகாது. கொடுக்கும் பக்கம் உங்களுக்கும், உங்களைப் போன்ற எல்லோருக்கும் இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்துவிட்டது. நீங்கள் எழுதியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நாற்பத்தைந்து வெள்ளிக்கிழமைகளுக்கு நன்றி. இதை அந்தந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். பதின்மூன்றாம் தேதியும் இருபதாம் தேதியும் நீங்கள் கொடுக்க முயன்றது எங்களிடம் பதிவாகி இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தை நாங்கள் போடவில்லை. அது உங்களுடையது. உங்கள் பெயரைப் பட்டியலில் இருந்து இன்னும் அடிக்கவில்லை. ஆபரேஷனுக்கு வேண்டியது சேர்ந்து தயாராக இருக்கிறது. அனுப்பலாம் என்றால் கீழே உள்ள என் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், பேச வேண்டாம். புதன்கிழமைக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால், நீங்கள் எழுதியபடியே செய்வோம். இப்படிக்கு, பர்னபாஸ்.”

கடைசி இரண்டு வாக்கியத்தை மகுதூம் திரும்பத் திரும்ப வாசித்தார். “வராவிட்டால்ன்னு எழுதணுமா அண்ணாச்சி? அந்த மனுசன் உசுரு.” எழுதத்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் ‘சரி’ என்பதற்கு மதிப்பு என்று அவருக்கும் தெரியும். தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

கம்பெனி பெயர் அச்சடித்த கவரை எடுக்கவில்லை. கீழே பெட்டிக்கடையில் வெள்ளைக் கவர் ஒன்று வாங்கி, அனுப்புநர் இடத்தில் என் வீட்டு முகவரியை எழுதினேன். நைட்டி தைக்கக் கொடுத்த எவனோ ஒருவன் போட்ட கடிதம் என்று தபால்காரர் நினைத்துக்கொள்ளட்டும். படியிறங்கும்போது டயானா மேலே இருந்து கத்தினாள். “சார், நான்தான் முந்தினேன்! மூணு மணிக்கே திறந்துட்டேன். நீங்க இன்னும் ஒட்டக்கூட இல்ல!”

தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் எனக்கு முன்னால் இரண்டே பேர். ஓரத்து மேசையில் பசை டப்பா இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்ததை விரலால் ஒதுக்கி, அடியிலிருந்து எடுத்துத் தடவினேன். கவரின் வாய் ஒட்டாமல் ஒருமுறை எழும்பியது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டே நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் கையை நீட்டினாள்.

“உள்ள டாக்குமென்டா அண்ணாச்சி?”

“லெட்டர்மா.”

“வெறும் லெட்டர்தானா?”

“வெறும் லெட்டர்தான்.”

தராசில் வைத்தாள். பதினொரு கிராம். ஸ்டிக்கரை ஒட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். காயல்பட்டினம் போகும் திருச்செந்தூர் வழித் தபால் பை அவள் காலடியில் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தது. கல்யாணப் பத்திரிகைகள், வங்கிக் கவர்கள், மருந்து வாசனை அடிக்கும் ஒரு பார்சல். அவற்றின்மேல் என் வெள்ளைக் கவர் முகவரி தெரியும்படி விழுந்தது. எங்கோ அஸர் தொழுகைக்கான பாங்கு தொடங்கியது. பை கட்டுகிறவர் வந்து குனிந்து, இரண்டு கையாலும் அதன் வாயைச் சேர்த்துப் பிடித்து, சணல் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.